காலேப் என்கிற எத்திராஜ்

சித்தூர்
24 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்காவுக்கு எத்திராஜ் எழுதுவது.

சந்தியாவும் பிள்ளைகளும் சௌக்கியம். நலம் விசாரிக்க இந்தக் கடிதம் எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நைனாவுக்கு நீ கல் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஈஸ்டர் கழிந்த மறுநாள், ஆள் நடமாட்டமில்லாத மத்தியான வெயிலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நல்ல கல்தான். 'தனராஜ் உபதேசியார், மிஷன் பள்ளி ஆசிரியர்' என்று அழகாக வெட்டியிருக்கிறான் கல்தச்சன் கருப்பன். அதோடு நிறுத்தியிருந்தால் உனக்குக் கோடிப் புண்ணியம். கீழே 'மக்கள்: ஞானசௌந்தரி, காலேப்' என்று வெட்டச் சொன்னாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

சர்க்கார் கணக்கில் நான் எத்திராஜ். இந்து, எஸ்.சி. அந்தச் சான்றிதழில் வந்த வேலை இது. ஞானஸ்நானம் வாங்கியவனுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்பது சட்டம். சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றி விடுவது போல சாதியையும் கழற்றி விட்டுப் போகிறோம் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள். சர்ச்சுக்குள்ளேயே நமக்கு எந்தப் பக்கத்து பெஞ்ச் என்பது உனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எத்திராஜ் என்று எழுதியது நைனாவேதான். "சோத்துக்கு ஒரு பேரு, சாவுக்கு ஒரு பேரு இருந்துட்டுப் போவட்டும்டா" என்றார். நீ மிஷன் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் படித்தாய், உனக்கு ஒரே பெயர் போதுமாக இருந்தது.

இத்தனை வருஷம் சும்மா இருந்தவன் இப்போது ஏன் குதிக்கிறான் என்பாய். பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. பெட்டி சுமக்கிற ஜூனியர் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, பூத் அதிகாரியாகி, இப்போது டெபுடி தாசில்தார் ஆகியிருக்கிறேன். ஆபீசில் எனக்கு 'எலெக்ஷன் எத்திராஜ்' என்றே பெயர். இந்த முறை குடிபாலா தாண்டி வேலூர் எல்லைப் பக்கம் இருக்கும் வெள்ளக்கல் பஞ்சாயத்துக்கு என்னைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். வேட்புமனுவை ஏற்பதும் தள்ளுவதும் என் கையில். நைனா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சைக்கிளில் போய் ஜெபம் நடத்தின அதே வெள்ளக்கல் காலனிதான்.

அந்த ஊர் பஞ்சாயத்துக்குத் தலைவரான சர்பஞ்ச் பதவி இந்த முறை எஸ்.சி.க்கு ஒதுக்கீடு. ஊர் பெரியவர் நாகபூஷணம் காலனிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் கிரானைட் குவாரி போட்டிருக்கிறார். ஜப்பானுக்குக் கல் போகிறதாம். குவாரியைக் காலனிப் பக்கம் அகலப்படுத்தப் பஞ்சாயத்துத் தீர்மானம் வேண்டும். அதனால் தன் நிலத்தில் வேலை செய்யும் துலுக்காணத்தைப் போட்டியில்லாமல் சர்பஞ்ச் ஆக்கப் பார்க்கிறார். போட்டி வந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் அதிகாரி யார், அவன் அப்பன் யார் என்று தோண்டுவார்கள்.

கருப்பனிடம் சொல்லி என் பெயரை எடுத்துவிடச் சொல். நானே போய்ச் சொன்னால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். ஆபீசுக்குப் போன் மட்டும் செய்யாதே. அங்கே போனை எடுப்பவன் எவன் ஆள் என்று எனக்கே தெரியாது.

தம்பி
எத்திராஜ்


குவைத்
6 மே 1995

கர்த்தருக்குள் அன்பான தம்பி காலேபுக்கு,

உன் கடிதத்தை டியூட்டி முடிந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் படித்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு தம்பி கடிதம் போட்டிருக்கிறான் என்று ஆசையாகப் பிரித்தால், கல்லைச் சுரண்டு என்று ஒரு ஆர்டர். எலெக்ஷன் அதிகாரி அல்லவா, ஆர்டர் போட்டே பழகிவிட்டது.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை உனக்கு. சம்பளமும் வேண்டும், நல்ல பிள்ளை என்ற பெயரும் வேண்டும். நைனாவை அடக்கம் செய்த அன்று நீ எங்கே நின்றாய்? தோட்டத்துக்கு வெளியே, சோடாக் கடைப் பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றாய். பாதிரியார் "மகன் எங்கே, மண் போடட்டும்" என்றார். நான் போட்டேன். உன் பங்கையும் சேர்த்து நானே போட்டேன், காலேப். அன்றைக்கே முடிவு செய்தேன், கல் வைக்கிறபோது இவன் பெயரை வைக்காமல் விடமாட்டேன் என்று. யுத்தத்தில் இந்தக் குவைத்தை விட்டு ஒரு சூட்கேசோடு ஓடினபோதுகூட அன்றைக்கு அழுத மாதிரி அழவில்லை.

எடுக்கச் சொல்ல மாட்டேன். வெட்டினது வெட்டினதுதான்.

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். வெள்ளக்கல் எப்சிபாவை ஞாபகம் இருக்கிறதா? நைனா மடியில் உட்கார்ந்து வசனம் ஒப்பிப்பாளே, சந்திரம்மா மகள். அவளுக்கும் உன்னை மாதிரி இரண்டு பெயர். சான்றிதழில் வெங்கடலட்சுமி. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. அவள் எனக்குக் கடிதம் போட்டிருந்தாள், துலுக்காணத்தை எதிர்த்து சர்பஞ்சுக்கு நிற்கப் போகிறாளாம். வெடி வைத்தால் கல் வீட்டுக்கூரை மேல் வந்து விழுகிறது, போன மாதம் ஒரு ஆட்டுக்குட்டி செத்தது, அடுத்தது குழந்தைதான் அக்கா என்று எழுதியிருக்கிறாள். உன்னைத்தான் அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.

பெட்டியைத் தூக்க வந்த ரவுடிகளைப் பார்த்து, ஓட்டுப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு "என்னைத் தூக்கிட்டு எடுத்துக்கினு போங்கடா" என்றவன் நீதானே. கலெக்டர் கை குலுக்கினாராமே. அந்தக் காலேபின் பெயரைத்தான் நான் வெட்டச் சொன்னேன்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் அக்கா
ஞானசௌந்தரி


சித்தூர்
20 மே 1995

அக்காவுக்கு,

உன் வசவு கிடைத்தது. பதிலுக்கு வைய இப்போது தெம்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டுச் சொல்.

போன வாரம் வீட்டுக்கு நாலு கூடை மாம்பழம் வந்தது. யார் அனுப்பியது என்று சொல்லாமல் டிரைவர் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். சந்தியாவிடம் தொடாதே என்று சொல்லி, கூடைகளை அப்படியே ஆபீஸ் வராண்டாவில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மறுநாள் நாகபூஷணமே வந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான மனிதர். ஒரு அதட்டல் கிடையாது.

"பழத்தைத் தொடவே இல்லயாமே சார். பாக உந்தி, ரொம்ப நல்லது! உங்க நாயனா வளர்ப்பு அப்படி" என்றார்.

"எங்க நாயனாவை உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"பார்த்ததில்ல. ஆனா நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றார்.

வெளியே புது சூமோ வண்டி நின்றது. பத்து நிமிஷ வேலை சார் என்று ஏற்றிக்கொண்டார். நானும் மறுக்காமல் ஏறினேன். வண்டி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. நைனாவின் கல்லைக் கழுவித் துடைத்து, மல்லிகைச் சரம் சுற்றி வைத்திருந்தது. ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாருமே இல்லை.

"மன ராயி சார் இது, நம்ம குவாரிக் கல்லு. கருப்பன் நம்ம யார்டிலதான் வெட்டினான். யாருக்கு வெட்டறேன்னு கேட்டேன், சொன்னான். சின்னப் பையன் பேரு காலேப்பாம். எங்க இருக்காரோ, என்ன உத்தியோகமோ." என் முகத்தைப் பார்க்காமல் சரத்தைச் சரி செய்தார். "பெரியவங்க சமாதி இப்படி அனாதையா கிடக்கக்கூடாது சார். இனிமே நான் பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான். எலெக்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு என் மகனுக்கு ஒரு சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் அந்தக் கல்லுக்குப் புதுச் சரம் போடுகிறார்கள், அக்கா. ஆபீஸ் போகிற வழியில் சுவருக்கு மேலே வெள்ளையாகத் தெரிகிறது. வாடவே விடுவதில்லை.

ஜூன் பதினாலாம் தேதி மனு பரிசீலனை. எப்சிபா நின்றால் அவள் சர்ச்சுக்குப் போகிறவள், எஸ்.சி. இல்லை என்று ஆட்சேபம் கொடுப்பார்கள். அவள் மனுவை ஏற்றால் என் பெயரை வெளியே எடுப்பார்கள். தள்ளினால், அவளுக்குச் சொன்ன சட்டம் எனக்கும்தான் என்று என் வாயாலேயே சொன்னதாகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. மடியில் கனம், வழியில் பயம் என்பார்களே, அதுதான்.

அந்தப் பெயர் கல்லில் இல்லையென்றால் எனக்கு ஒன்றும் பயமில்லை. சர்ச்சில் இருக்கிற பெரியவர்கள் எவரும் நைனா பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். கல் ஒன்றுதான். கருப்பனிடம் சொல், அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அப்புறம் எப்சிபாவின் மனுவைத் தள்ள எவனாலும் முடியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

எத்திராஜ்


குவைத்
2 ஜூன் 1995

அன்பான காலேபுக்கு,

படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என்மேலேயே எனக்குக் கோபம். உன்மேலும்தான். எதிரி திட்டினால் திருப்பித் திட்டலாம், பூச்சரம் போடுகிறவனை என்ன செய்வது?

சரி. நான் தோற்றுப்போனேன் என்று வைத்துக்கொள்.

இங்கே என்னோடு வேலை செய்யும் யமுனா திருப்பதிக்காரி, நாளை லீவில் ஊருக்கு வருகிறாள். திருப்பதியில் பெட்டியை இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் சித்தூர் போய்க் கருப்பனைப் பார்த்து, அந்த ஒரு பெயரை எடுக்கச் சொல்லுவாள். அவனுக்கு நான் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன், நைனா பெயரில் சத்தியம் வைத்திருக்கிறேன். செய்துவிடுவான்.

உன்னை வந்து பார்க்க வேண்டாம் என்று யமுனாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்தச் சமயத்தில் குவைத்திலிருந்து ஒரு நர்ஸ் உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். போனும் செய்யவில்லை, நீதான் வேண்டாம் என்றாயே. இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. அது வருவதற்குள் பெயர் போயிருக்கும்.

எப்சிபாவைக் கைவிடாதே. நைனா அவளுக்கு அந்தப் பெயர் வைத்தபோது நீ பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கை சுடுகிறது என்று அழுதாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தைரியமாக இரு.

அக்கா


சித்தூர்
17 ஜூன் 1995

அக்கா,

முடிந்துவிட்டது. நீ பதில் போடவே இல்லை, அதனால் நீ மனம் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பதினாலாம் தேதி காலை ஆபீஸ் போகும்போதும் சுவருக்கு மேலே சரம் தெரிந்தது. இறங்கிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கல்லறைத் தோட்டத்து கேட்டில் நாகபூஷணத்தின் ஆள் ஒருவன் எந்நேரமும் உட்கார்ந்திருந்தான்.

பரிசீலனை வெள்ளக்கல் பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. நாகபூஷணம் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் காற்றில் பேப்பர் பறந்தபோது, எழுந்து வந்து ஒரு சின்னக் கிரானைட் துண்டை என் மேஜைமேல் வைத்தார். பாலீஷ் போட்டது, முகம் தெரியும். "எகிரிப் போகப்போகுது சார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இரண்டே மனுக்கள், துலுக்காணம் ஒன்று, எப்சிபா ஒன்று. துலுக்காணம் பாவம், தலையைக் குனிந்தபடி நின்றான். அவன் சார்பில் ஒரு வக்கீலைக் கொண்டு வந்திருந்தார்கள். அந்த அம்மா கிறிஸ்தவச்சி, மனு செல்லாது என்றார் வக்கீல்.

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "பேரு?"

"வெங்கடலட்சுமி சார்."

"எப்சிபான்னு கூப்பிடறாங்களாமே?"

"கூப்புடறாங்க சார். சின்ன வயசுல எங்க வாத்தியாரு வெச்ச பேரு."

வக்கீல் துள்ளி எழுந்தார். "எந்த வாத்தியாரு? எந்த ஊரு? அவரு பேரு இன்னா?"

அப்போது அவள் என்னைப் பார்த்தாள், அக்கா. நிதானமாகப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும். நுழைந்தவுடனே தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை, இவங்க நைனாதான் என்று சொல்லியிருந்தால் அந்த நாற்காலியிலிருந்து நான் இறங்கியிருக்க வேண்டும்.

"செத்துட்டாரு சார்" என்றாள் வக்கீலிடம். "நல்ல மனுசன். வுட்டுருங்க."

எனக்காக வாயை மூடிக்கொண்டாள். நான் அவளைக் காப்பாற்றுவேன் என்று நம்பித்தான் மூடிக்கொண்டாள். எதிரே அந்தக் கல் துண்டில் என் முகம் தெரிந்தது. நான் எழுதினேன்: மனுதாரர் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுவதாகத் தெரிவதால் நிராகரிக்கப்படுகிறது. துலுக்காணம் ஏகக்ரீவம், அதாவது போட்டியின்றித் தேர்வு. வெளியே வேட்டு போட்டார்கள். அது வெற்றி வேட்டா, குவாரி வேட்டா என்று தெரியவில்லை.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. போகும்போது "வர்றேன் சார்" என்றாள்.

மாலையில் தொடர்ந்து எழுதுகிறேன். ஆபீசிலிருந்து வந்தால் மேஜைமேல் உன் ஜூன் இரண்டாம் தேதிக் கடிதம் கிடக்கிறது. படித்துவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். கேட்டில் ஆள் இல்லை. காரியம் முடிந்ததும் போய்விட்டான் போலிருக்கிறது. சரத்தை விலக்கிப் பார்த்தேன். காலேப் இல்லை. இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு குழி. கருப்பன் வீட்டுக்குப் போனேன். "ஒம்பதாந்தேதியே எட்த்துட்டேன் சார். அக்கா லெட்டர் வந்துச்சு. கேட்டுல இருந்த ஆளு துன்னுட்டு வரப் போனான், அந்த நேரத்துல முடிச்சேன். பூவைத் திரும்ப சுத்திட்டு வந்துட்டேன்" என்றான்.

இல்லாத பெயருக்குப் பயந்து தள்ளியிருக்கிறேன், அக்கா. அந்தப் பூவுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

நான் இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

எத்திராஜ்


குவைத்
30 ஜூன் 1995

காலேப்,

யமுனாவை உன்னிடம் போகாதே என்று சொன்ன என் வாயில் மண்ணைப் போட வேண்டும். ஒளித்து ஒளித்தே வளர்ந்த குடும்பம். நல்ல சேதியைக்கூட நேராகச் சொல்லத் தெரியவில்லை நமக்கு. என் பங்குக்கு நான் அழுதுவிட்டேன். இனி உன் பங்கு.

எப்சிபா கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறாள். மனுவைத் தள்ளியது தப்பு, மறுபடி தேர்தல் வைக்க வேண்டும் என்று. காலனியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வக்கீல் வைத்திருக்கிறார்கள். இதற்குள் காலனிப் பக்கம் வெடி வைக்க ஆரம்பித்துவிட்டார்களாம். சந்திரம்மா பெரியம்மாவுக்கு நெற்றியில் கல் பட்டு ஏழு தையல். ஆஸ்பத்திரி நர்ஸாக எனக்குத் தெரியும், இரண்டு விரல்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

நீ போய்க் கோர்ட்டில் சொல். சான்றிதழ் சரியாக இருந்தது, சட்டப்படி ஏற்றிருக்க வேண்டும், என்னை மிரட்டினார்கள், அதனால் தள்ளினேன் என்று சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். கல்லில் பெயர் இல்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க நாகபூஷணத்திடம் இப்போது ஒன்றுமில்லை. தப்பைத் திருத்திக்கொள்ள எத்தனை பேருக்கு இப்படி வழி திறக்கிறது?

சீக்கிரம் நல்ல பதில் எழுது.

அக்கா


சித்தூர்
12 ஆகஸ்ட் 1995

அக்கா,

தாமதமாக எழுதுகிறேன். சொல்லப் போகிறேன் என்று முடிவு செய்து, எப்சிபாவின் வக்கீலைக்கூட ஒரு முறை போய்ப் பார்த்தேன். நான் சொல்கிறேன் என்றேன். எப்சிபா அங்கே இருந்தாள். "எங்க வாத்தியாரு புள்ளன்னு எனக்குத் தெரியும்ணா, நீ வருவேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கினேதான் இருந்தேன்" என்றாள். என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். இருபது வருஷ சர்வீஸில் அவ்வளவு லேசாக நான் வீட்டுக்கு நடந்ததில்லை.

நான் வக்கீல் வீட்டுப் படி ஏறியது நாகபூஷணத்துக்கு எப்படித் தெரிந்ததோ. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். சந்தியாவையும் பிள்ளைகளையும்கூட வண்டியில் ஏறச் சொன்னார். "சின்ன வேலை ஒண்ணு முடிச்சிருக்கேன் சார், குடும்பத்தோட பார்க்கணும்" என்றார்.

நைனாவின் பழைய கல் அங்கே இல்லை. புதுக் கல் வைத்திருக்கிறார். ஆள் உயரம், கறுப்புக் கிரானைட், ஜப்பானுக்குப் போகிற முதல் தரம். என் பிள்ளைகள் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். நைனா பெயர் தங்க எழுத்தில். அதற்குக் கீழே உன் பெயர். அதற்குக் கீழே, நான் எழுதுகிறபடியே வெட்டியிருக்கிறது:

காலேப் என்கிற எத்திராஜ், டெபுடி தாசில்தார், சித்தூர்.

"பழைய கல்லுல எவனோ பேரை உடைச்சிட்டான் சார். மனசு கேக்கல. இது ஆழமா வெட்டினது, உளி வெச்சாலும் கல்லுதான் உடையும்" என்றார். "போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். நல்லா வந்திருக்கு."

டெபுடி தாசில்தாருக்குக் கீழே ஒரு வரிக்கு வெறுமையாக இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எம்.ஆர்.ஓ. ஆவீங்கல்ல சார். அப்புறம் ஆர்.டி.ஓ. அதுக்கு இடம் விட்டிருக்கேன். அடுத்த வருஷம் பார்லிமெண்டு எலெக்ஷன் வருது, உங்களையே போடச் சொல்லி நான் பேசறேன். உங்கள மாதிரி ஆபீசர் கிடைக்கறது கஷ்டம்."

மகன் என்னைக் கேட்டான், "நைனா, காலேப் யாரு?" என்று. சந்தியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

வக்கீலிடம் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை போனால் இந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவேன்? காலனியில் பாதிப் பேர் பெங்களூர் போய்விட்டார்களாம். எப்சிபா மட்டும் இருக்கிறாள். கேஸ் செப்டம்பர் பதினெட்டுக்கு வருகிறது. தள்ளுபடி ஆகிவிடும் என்கிறார்கள், சாட்சி இல்லை.

நீ ஆசைப்பட்டபடியே என் பெயர் நைனா காலடியில் இருக்கிறது, அக்கா. என்னை மன்னித்துவிடு.

தம்பி


குவைத்
25 ஆகஸ்ட் 1995

காலேப்,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை நீ நம்ப வேண்டும். நீ பயந்தவன், கெட்டவன் இல்லை என்று நைனாவே ஒரு தடவை சொன்னார். அப்போது உனக்கு ஆறு வயது.

லீவு கிடைத்துவிட்டது. மெட்ராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் திருப்பதி, பிறகு பஸ். செப்டம்பர் பதினாறு காலையில் சித்தூரில் இருப்பேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன். வெள்ளக்கல்லில் எப்சிபா வீட்டில் இறங்குகிறேன். வெடிச் சத்தத்தை நானும் இரண்டு நாள் கேட்கிறேன்.

அவளுக்கு சாட்சி இல்லை என்று எழுதியிருந்தாய். நான் சாட்சி. அவளுக்கு நைனா பெயர் வைத்ததை நான் பார்த்தேன். அதே கையால் உனக்கு வைத்ததையும் பார்த்தேன். அவளை எந்தக் காரணம் சொல்லித் தள்ளினாயோ அந்தக் காரணம் உனக்கும் உண்டு என்றும், அதைக் காட்டித்தான் உன்னை மிரட்டினார்கள் என்றும் சொல்வேன். மிரட்டலில் எழுதின நிராகரிப்பு நிற்காது, அவளுக்கு மறுபடி தேர்தல் கிடைக்கும். வேலை போகும். தெரிந்துதான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு என் சம்பளம் இருக்கிறது, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகும் உனக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். என்னை முந்திக்கொண்டு நீயே போய்ச் சொல்லிவிட்டால் நான் கோர்ட்டு வாசலிலேயே நின்றுகொள்கிறேன், நைனாவை அடக்கம் செய்த அன்று நீ நின்ற மாதிரி. இல்லையென்றால் கூண்டில் ஏறுவேன். அந்தக் கல்லைப் பற்றி இனி பயப்படாதே. கல்லுக்கு வாய் இல்லை, எனக்கு இருக்கிறது.

சந்தியாவிடம் இப்போதே சொல்லி வை. பிள்ளைகளுக்குக் காலேப் யார் என்று நான் வந்து சொல்கிறேன்.

அக்கா
ஞானசௌந்தரி